ஓசூரும் ஒரு புதூர்தான்

பயன்பாட்டில் இருக்கும் அரசுப் பொருள் ஒன்றைக் கழிவு என்று அறிவிக்கும் முன், அதை அன்றாடம் கையாள்கிறவரிடம் அது வேலை செய்கிறதா என்று கேட்க வேண்டும். சொன்னதை எழுத்தில் வாங்க வேண்டும். விதி இவ்வளவுதான். நான் நிர்வாக அலுவலராக இருந்த காலம் முழுவதும், இது எந்தப் புத்தகத்தில் எந்தப் பத்தியில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு என் மேசைக்கு வருவார்கள். எடுத்துக் காட்டுவேன். படித்துப் பார்த்துவிட்டு, இதைச் செய்யாமல் விடுவதற்கு வழி இருக்கிறதா சார் என்பார்கள். அதற்கும் ஒரு பத்தி இருந்தது. நடைமுறையை நன்றாகக் கற்றவனுக்குக் கிடைக்கும் ஒரே லாபம், ஒரு தவறு யார் யாருடைய கையெழுத்து வழியாக நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடுவதுதான்.

அந்த விதி பொருந்தியிருக்க வேண்டிய பொருள் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய, கறுப்பு நிற ஜி.பி.எஸ். கருவி. தேன்கனிக்கோட்டைக்கு மேலே மலைப் பக்கம் இருந்த ஒரு சுகாதார நிலையத்தின் ஜீப்பில், கண்ணாடிக்குக் கீழே, மருத்துவமனை பிளாஸ்திரி போட்டு ஒட்டப்பட்டிருந்தது. கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் அதன் ரப்பர் கிண்ணம் என்றைக்கோ பிடிப்பை விட்டுவிட்டது. பேட்டரி உப்பிப்போனதால் அதைக் கழற்றி எறிந்து, சிகரெட் பற்றவைக்கும் துளையிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்திருந்தார்கள். திரையை விரலால் தொட்டால் அசையாது, நகத்தால் அழுத்த வேண்டும். டிரைவர்கள் அதை டப்பா என்றார்கள். அந்த நிலையத்தின் செவிலியர் மட்டும் அதைத் தம் கைக்கருவிகளோடு சேர்த்து, கத்தரிக்கோலைப் பற்றியும் ரத்த அழுத்தமானியைப் பற்றியும் பேசுவதுபோல மரியாதையோடு பேசுவார்.

அவரை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டோம். தொரப்பள்ளிக்குப் பக்கத்துக் கிறித்துவக் குடும்பம். உயரமானவர், உரத்த குரல், யாரையும் கேலி செய்யாமல் ஒரு வாக்கியத்தை முடிக்க மாட்டார். அடக்கம் என்று சொல்லப்படுகிற குணம் அவரிடம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. மாதாந்திரக் கூட்டத்துக்குக் கிருஷ்ணகிரி வரும்போது என் அறைக்குள் எட்டிப் பார்த்து, "என்னா சார், இன்னிக்கு எந்த ரூல்ஸை வச்சு யாரை அடிக்கப் போறீங்க?" என்பார். தம் ஊரைப் பற்றிப் பெருமை அதிகம். "எங்க ஊர்க்காரர் ஒருத்தர் டெல்லி வரைக்கும் போய் கவர்னர் ஜெனரலா நாட்டையே நடத்துனாரு. நான் மலை வரைக்கும் போறேன். ரோடு ரெண்டு பேருக்கும் ஒண்ணும் சரியில்லை" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

மலைக்கு ஆம்புலன்ஸ் வரும், அடிவாரம் வரை. அதற்கு மேலே ஜீப்தான். ஜீப் ஓட்டுகிறவர்கள் ஒப்பந்தத்தில் வருகிறவர்கள், எல்லோரும் வெளிமாவட்டத்துக்காரர்கள். வழி பழகி முடிக்கும்போது ஒப்பந்தம் முடிந்துவிடும், அடுத்தவர் வருவார். கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. எங்காவது ஒரு பாறைமேல் ஏறி நின்றால் கொஞ்சம் கிடைக்கும், அதுவும் பெரும்பாலும் கர்நாடகத்துக் கோபுரத்திலிருந்து வரும், "கர்நாடகம் தங்களை வரவேற்கிறது" என்ற குறுஞ்செய்தியோடு. ஆகவே கருவி தேவைப்பட்டது. ஆனால் அதைச் செய்த கம்பெனி அந்த மாதிரியைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. புதிய வரைபடம் வராது, பழுது பார்க்க மாட்டோம், வேறு வாங்கிக்கொள்ளுங்கள் என்று அறிவித்துவிட்டார்கள். அதனுள் இருந்த பழைய வரைபடத்தில் சாலைகள் தேன்கனிக்கோட்டையோடு தீர்ந்துவிடும். அதற்கப்பால் ஜீப்பின் படம் வெறும் மஞ்சள் பரப்பில் தனியாக மிதந்துகொண்டு போகும்.

சிஸ்டர் என்ன செய்தார் என்பதை அவரே ஒருநாள் என் மேசைமேல் கருவியை வைத்து விளக்கினார். எங்கோ வெளிநாட்டில் ஒருவர், கைவிடப்பட்ட இதுபோன்ற கருவிகளுக்காகவே ஒரு மென்பொருள் எழுதி இலவசமாக விட்டிருந்தார். உலகம் முழுவதிலும் இருந்து ஆர்வமுள்ளவர்கள் கூடி வரைந்த வரைபடம் ஒன்றும் இலவசமாகக் கிடைத்தது. இரண்டையும் ஒரு மெமரி கார்டில் ஏற்றிக் கருவிக்குள் செருகினார். கருவியோ, உயிர் வந்ததும் கம்பெனியின் பழைய நிரலை மட்டும் பெயர் சொல்லித் தேடும்; வேறெதையும் திறக்காது. புதிய நிரலுக்குப் பழையதன் பெயரையே வைத்தார். கருவி திறந்துகொண்டது.

"பேரை மாத்தி வச்சா உள்ள ஆள் மாறுனதே அதுக்குத் தெரியலை சார். நம்ம டிபார்ட்மென்ட்ல வளந்திருக்கும்போல" என்றார்.

இதெல்லாம் எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். அந்த வெளிநாட்டுக்காரருக்கே எழுதிக் கேட்டதாகச் சொன்னார். கான்வென்ட்டில் படித்த ஆங்கிலத்தில் சந்தேகத்தை எழுதி அனுப்பிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனாராம். தேய்த்து முடிப்பதற்குள் பதில் வந்திருந்தது.

"அவருக்கு நம்ம மலைமேல என்ன அக்கறை சிஸ்டர்?"

"அக்கறையெல்லாம் ஒண்ணும் இல்லைங்க சார். கேட்டேன், பதில் சொன்னாரு. அவ்வளோதான்."

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசுப் பதில்களைத் தயாரித்த எனக்கு இது ஒழுங்கீனமாகப் பட்டது. ஒரு கேள்வி வந்தால் அதற்குக் கோப்பு எண் வேண்டும், யார் கேட்கிறார், எந்தத் தகுதியில் கேட்கிறார் என்று தெரிய வேண்டும். அந்த மனிதர் எதையும் கேட்கவில்லை.

மென்பொருள் வந்தாலும் இலவச வரைபடத்திலும் மலை காலியாகத்தான் இருந்தது. அதை நிரப்பியவர் சிஸ்டர். ஜீப் போன தடத்தைக் கருவி பதிந்து வைக்கும். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய் வந்து, பிரியாணிக்கு அரிசி ஊறும் நேரத்தில், மகளுடைய கம்ப்யூட்டரில் அந்தத் தடத்தின் மேல் பாதையை வரைவார். வீடுகளைக் குறிப்பார். பிறகு பெயர்.

பெயர்தான் இங்கே சிக்கல். எங்கள் பக்கத்தை அறியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலையில் ஒரு குடியிருப்பில் தெலுங்கு பேசுவார்கள், அடுத்ததில் கன்னடம், அதற்கடுத்ததில் தமிழ். பழைய ஊரிலிருந்து பிரிந்து நாலு குடும்பங்கள் தனியாக வீடு கட்டினால், தெலுங்கர்கள் அதைக் கொத்தூர் என்பார்கள், கன்னடர்கள் ஒசஅள்ளி என்பார்கள், தமிழர்கள் புதூர் என்பார்கள். மூன்றுக்கும் பொருள் புதிய ஊர். ஆனால் மூன்றும் வேறு வேறு ஊர்கள், நடுவில் பள்ளத்தாக்கும் காடும். கொத்தூர்க்காரரிடம் போய் நீங்கள் புதூரா என்று கேட்டால், இல்லை, அது அந்தப் பக்கம் என்று கையை நீட்டுவார். சிஸ்டருக்கு மூன்று மொழியும் வரும். ஒவ்வோர் ஊருக்கும் அங்கே இருக்கிறவர்கள் வாயில் வரும் பெயரை எழுதினார். பக்கத்து ஊர்க்காரர்கள் அதை வேறு பெயரில் அழைத்தால் அதையும் கூடவே சேர்த்தார். பாறைமேல் ஏறி நின்று பேசுகிறவன் எந்தப் பெயரைச் சொன்னாலும் கருவியில் ஒரே இடம் வர வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

ஒருமுறை ஆய்வுக்காக அந்த ஜீப்பில் போயிருக்கிறேன். டிரைவர் தென்காசிப் பக்கத்து இளைஞர், வேலையில் சேர்ந்த வாரம். பாதை மூன்றாகப் பிரிந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, "சிஸ்டர், இதுல எங்கிட்டுப் போவ? எல்லாம் ஒண்ணு போலல்லா இருக்கு" என்றார். சிஸ்டர் பின்னால் ஒரு கர்ப்பிணியின் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவே இல்லை. "டப்பாவைக் கேளுப்பா. அது உன்னைவிட சீனியர்" என்றார். கருவி சொன்ன பாதையில் ஜீப் இறங்கியது. அந்தப் பெண்ணுக்கு அடிவாரத்தில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. நல்லபடியாகப் பிள்ளை பிறந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அப்படி நடந்தவை பல. நல்லபடியாக நடந்தவற்றுக்கு எங்கள் அலுவலகத்தில் கோப்பு திறக்கும் வழக்கம் இல்லை.

கோப்பு திறந்தது தணிக்கையின்போது. செயற்கைக்கோள் அனுப்பும் நேரக் கணக்கு, கார் மீட்டர் தொண்ணூற்றொன்பதைத் தாண்டிச் சுழியத்துக்கு வருவதுபோல, நீண்ட இடைவெளியில் ஒருமுறை சுற்றி முடிந்து முதலிலிருந்து தொடங்கும். புதிய கருவிகளுக்கு அது தெரியும். கைவிடப்பட்ட கருவிக்குத் தெரியாது; கம்பெனிதான் சொல்லித்தர வேண்டும், கம்பெனி கைகழுவிவிட்டது. ஆகவே அது இடத்தைச் சரியாகக் காட்டியது, தேதியை மட்டும் ஏறத்தாழ இருபது ஆண்டு பின்னால் காட்டியது. ஜீப்பின் பயணப் பதிவுக்கு ஆதாரமாக சிஸ்டர் கருவியின் தடத்தை அச்செடுத்து இணைத்திருந்தார். தணிக்கையாளர் அதைப் பார்த்துவிட்டு எழுதிய வினாவை நான் ரசித்தேன் என்று சொல்லத்தான் வேண்டும்: இந்தப் பயணம் நடந்ததாகக் காட்டப்படும் நாளில் இந்த வாகனமே வாங்கப்படவில்லை, சம்பந்தப்பட்ட செவிலியர் பணியிலேயே சேரவில்லை, எனில் பயணம் செய்தது யார்.

நான் விளக்கம் தயாரித்தேன். செயற்கைக்கோள், சுற்று, கணக்கு எல்லாவற்றையும் யாருக்கும் புரியும் தமிழில் எழுதினேன். எங்கள் அதிகாரி படித்தார். நல்ல மனிதர், கையெழுத்து அழகாக இருக்கும்.

"இதெல்லாம் சரிதான் சார். ஆனா அந்த மெஷின்ல கம்பெனி சாஃப்ட்வேரே இல்லையாமே?"

"கம்பெனியே கைவிட்டுட்டது சார். இருந்தா ஜீப் மஞ்சள்ல மிதக்கும்."

"மிதக்கட்டும் சார். அங்கீகாரம் இல்லாத சாஃப்ட்வேர்ல சரியான வழி காட்டுறதைவிட, அங்கீகாரத்தோட மிதந்தா நமக்குக் கேள்வி வராது."

அவர் இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை.

கருவி கழிவு என்று அறிவிக்கப்பட்டது. பயன்படுத்துகிறவரிடம் கேட்க வேண்டும் என்ற விதியைப் பச்சை மையால் அடிக்கோடிட்டுக் குறிப்பில் வைத்தேன். பயன்படுத்துகிறவரே விசாரணைக்கு உரியவர் என்பதால் அவரிடம் கேட்பது முறையாகாது என்று குறிப்பு திரும்பி வந்தது. தண்டனை என்று எதுவும் கொடுக்கவில்லை. நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு சிஸ்டரை ஊத்தங்கரைத் தாலுகாவில் கல்லாவிக்கு மாற்றினார்கள். சமவெளி, வரிசையாகப் பேருந்து, ஒவ்வொரு தெருவிலும் முழு சிக்னல். வழி தெரியாமல் போவதற்கு வழியே இல்லாத ஊர்.

விடைபெற வந்தபோது அவர் தம்மைப் பற்றிப் பேசவில்லை. "டப்பாவைக் கட்டி ஸ்டோர்ல போட்டுட்டாங்க. அந்தக் கார்டையாவது புதுசா வர்ற நர்ஸ் பொண்ணுக்கு குடுக்கச் சொல்லுங்க சார். போன்லயே போட்டுக்கலாம், சிக்னல் இல்லாட்டியும் ஓடும்." அரசுக் கைபேசியில் அங்கீகரிக்கப்படாத எதையும் ஏற்றக் கூடாது என்றார்கள். புதிய செவிலியர் அப்போதுதான் வேலைக்கு வந்த பெண். பயந்துவிட்டார். பயப்படுவதற்கு வேண்டிய எடுத்துக்காட்டு கண்முன்னாலேயே இருந்தது.

கருவிக்குப் பதிலாக ஒரு கைபேசிச் செயலி வந்தது. சிக்னல் இல்லாதபோதும் வேலை செய்யும், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஊர்ப் பெயர்களை ஏற்றிய தலைமையகத்தில் யாரோ ஒருவருக்குத் தமிழ்ப்பற்று இருந்தது. பட்டியலில் கொத்தூர் என்றும் ஒசஅள்ளி என்றும் கண்டதும், தமிழ்நாட்டில் இதென்ன என்று எல்லாவற்றையும் மொழிபெயர்த்துவிட்டார். மூன்று மொழிக்காரர்களின் புதிய ஊர்களும் ஒரே நாளில் புதூர் ஆயின. மலை முழுக்கப் புதூர்.

சிஸ்டருக்கு இதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். கல்லாவியிலிருந்து போன் செய்தார். நான் அப்போது ஓய்வு பெற்று ஓசூருக்குக் குடிவந்திருந்தேன்.

"சார், கொத்தூரைத் தேடுனா கிடைக்காது. புதூர்னு தேடுனா எந்தப் புதூர்னு தெரியாது. ஒரு நாள் வண்டி மாறிப் போயிடும். எழுதிப் போடணும்."

முறைப்படி, உரிய வழியாக அனுப்புங்கள் என்றேன். அனுப்பினார். உரிய வழியின் முதல் மேசையிலேயே அது நின்றுவிட்டது. ஆகவே நான் ஒரு சாதாரணக் குடிமகனாக என் பெயரில் மனு எழுத முடிவு செய்தேன். வாசகத்தைப் போனில் அவருக்குப் படித்துக் காட்டினேன். கழிவு செய்யப்பட்ட கருவியைத் திரும்பக் கொடுக்க வேண்டும், அல்லது அதிலுள்ள பெயர்களையாவது செயலியில் சேர்க்க வேண்டும். இல்லையேல் உயிரிழப்பு நேரும்.

"இது போதாதுங்க சார். அவங்களுக்கு உறைக்கணும். ஓசூரும் கன்னடத்துல புது ஊருதான? ஒச ஊரு. அப்போ அதையும் புதூர்னு மாத்திட்டு பஸ்ல போர்டு எழுதச் சொல்லுங்க. பெங்களூர்ல இருந்து வர்றவன் எங்க போய் எறங்குறான்னு பாப்போம்."

மனுவில் கேலி கூடாது என்றேன். கேலி இல்லை, உதாரணம் என்றார். இருவரும் கொஞ்ச நேரம் வாதாடினோம். வாதம் சரியானது என்பதால் அதை உரிய நடையில் சேர்த்தேன்: இவ்வாறு மொழிபெயர்ப்பதாயின் ஓசூர் நகரையும் புதூர் என்றே குறிப்பிட நேரும் என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். ஒப்புகை அட்டை வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. நினைவூட்டு அனுப்பினேன். நினைவூட்டுக்கும் ஒப்புகை வந்தது.

அந்தப் பெண் இறந்தது அதற்குப் பிறகு. கொத்தூர்க்காரி, இரண்டாவது பிரசவம். நல்ல வெயில் நேரம். ரத்தப்போக்கு நிற்கவில்லை. கணவன் பாறைமேல் ஏறிச் சுகாதார நிலையத்தின் லேண்ட்லைனுக்குப் போன் செய்து கொத்தூர் என்று சொல்லியிருக்கிறான். புதிய செவிலியர் செயலியில் கொத்தூரைத் தேடினார், இல்லை. அங்கிருந்த ஒருவர், தெலுங்கு தெரிந்தவர், கொத்தூர் என்றால் புதூர் என்று உதவினார். புதூர் என்று தேடியதும் முதலில் வந்த இடத்துக்கு ஜீப் கிளம்பியது. அது நேற்றுவரை ஒசஅள்ளியாக இருந்த இடம். அங்கே கன்னடத்தில், இங்கே யாருக்கும் பிரசவம் இல்லையே என்றார்கள். டிரைவர் வெளிமாவட்டத்துக்காரர், புதியவர். அவர்கள் திரும்பி இறங்கி, எதிர் மலை ஏறிச் சேர்வதற்குள், கட்டிலில் வைத்து அவளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் பாதி வழி இறங்கியிருந்தார்கள். கட்டிலைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்களாம். ஜீப்பைப் பார்த்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை என்று அந்தச் செவிலியர் பெண் பிறகு சிஸ்டரிடம் அழுதிருக்கிறார்.

முதல் பிரசவத்துக்கு அவளை இறக்கிக்கொண்டு வந்தவர் சிஸ்டர். அன்று எனக்குப் போன் செய்தபோது அவர் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. அவளைப் பற்றித்தான் சொன்னார். நல்ல வாய்க்காரியாம். ஜீப்பில் வலியோடு படுத்துக்கொண்டு, "சிஸ்டர், உன் டப்பா வழி சொல்றப்ப எதுக்கு இங்கிலீஷ்ல சொல்லுது, தெலுகுல சொல்லச் சொல்லு" என்று சண்டை போட்டாளாம். அடுத்த பிரசவத்துக்குள் சொல்ல வைக்கிறேன் என்று இவர் வாக்குக் கொடுத்திருந்தாராம்.

இரண்டாவது நினைவூட்டில் அந்த மரணத்தை எழுதினேன். நாள், இடம், ஜீப் போன ஊர், போயிருக்க வேண்டிய ஊர், எல்லாம். ஸ்டோரில் கட்டிக் கிடந்த கருவி அதற்கு முன்பே மற்றப் பழைய இரும்போடு எடை போட்டு ஏலத்தில் போயிருந்தது என்று பழைய சக ஊழியர் ஒருவர் தெரிவித்தார். விதிப்படி நடந்த ஏலம், அதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது. மரணம் பற்றிய விசாரணையும் விதிப்படி நடந்தது. ஜீப் புறப்பட்டதில் தாமதம் இல்லை, புதூர் சென்றடைந்ததிலும் தாமதம் இல்லை என்று முடிவாயிற்று.

சிஸ்டர் கல்லாவியிலேயே ஓய்வு பெற்றார். இலவச வரைபடத்தில் அவர் வரைந்த பாதைகளும் பெயர்களும் இன்றும் இருக்கின்றன. உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எங்கள் துறையைத் தவிர. நான் ஓசூரில் இருக்கிறேன். தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வரும் வடநாட்டு இளைஞர்களும், சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவரும் பையன்களும் கையில் போனோடு என் வாசலில் நின்று, இந்த இடம்தானா சார் என்று கேட்பார்கள். ஐம்பது ரூபாய் தோசை வழி தவறினால் உடனே மன்னிப்புக் கேட்டுச் செய்தி வருகிறது.

பதில் வந்தது. முத்திரை, எண், பொருள், பார்வை எல்லாம் உரிய இடத்தில் இருந்தன. ஓசூர் நகரின் பெயரைப் புதூர் என மாற்றக் கோரும் தங்கள் மனுவும் நினைவூட்டுகளும் பரிசீலிக்கப்பட்டன. ஊர்ப் பெயர் மாற்றம் இத்துறையின் வரம்புக்கு உட்பட்டது அல்ல என்பதால் மனு முடித்துவைக்கப்படுகிறது.

சிஸ்டருக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"அந்தப் பொண்ணைப் பத்தி ஏதாச்சும் போட்டிருக்காங்களா சார்?"

"இல்லை சிஸ்டர்."

"தேதி போட்டிருக்காங்களா?"

போட்டிருந்தார்கள். அது அனுப்பிய தேதி. வந்து சேர்ந்த தேதியை நான்தான் பழக்கதோஷத்தில் மேல் மூலையில் எழுதி, சுருக்கொப்பமிட்டு வைத்திருக்கிறேன். மார்கழி கடைசி நாள், போகி.